வெளுத்தான் எதைத் தின்கிறது

தாவூது அன்றைக்கு அந்த வடிகட்டியைப் போட மறக்காமல் இருந்திருந்தால், உச்சிமாகாளி இன்றைக்கும் நெற்றியில் பொட்டோடு புருஷனுக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். பெரிய கண்டுபிடிப்புகள் பெரிய மூளைகளில் உதிக்கின்றன என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு உண்மை தெரியும். யாரோ எதையோ மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

வடிகட்டி என்றால் காபி வடிகட்டுவது அல்ல. மண்ணோ இலையோ காளானோ, எதன் மரபணுவை வாசித்தாலும் அதில் கொஞ்சம் மனுஷனும் ஒட்டிக்கொண்டு வருவான். எடுத்தவன் தும்மியிருப்பான், நறுக்கியவன் விரல் பட்டிருக்கும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மனித மரபணு என்று தெரிந்ததும் அப்படியே கழித்துக் குப்பையில் போட்டுவிட வாசிப்புக் கருவியிலேயே ஒரு ஏற்பாடு உண்டு. நெடுங்கல் மலையடிவாரக் காளான் ஆய்வு நிலையத்திலும் அது எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. நிலையத்தின் தலைமை ஆய்வாளர் இசக்கியம்மாள்தான் அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவள்.

அவள் இரண்டு மழைக்காலமாக ஒரே ஒரு காளானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்கள் அதை வெளுத்தான் என்பார்கள். தொப்பி சோகை பிடித்தவன் முகம்போல வெளிறிக் கிடக்கும். திருப்பினால் மற்றக் காளானில் இருக்கும் மடிப்பு இதில் இருக்காது. ஆப்பத்தின் நடுவில் இருப்பதுபோலப் பொடிப்பொடித் துளைகள். விரலால் அழுத்தினால் அழுத்திய இடம் கன்றி நீலமாகும். துளைக்காளான் குடும்பம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த இனம் என்றால் எந்தப் புத்தகத்திலும் இல்லை. புதிய இனம்தான். பெயர் வைத்து, கட்டுரை எழுதி உலகத்துக்கு அறிவிக்க வேண்டியது இசக்கியின் பொறுப்பு.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. துளைக்காளான்கள் தனியாகப் பிழைக்காது. உயிருள்ள மரத்தின் வேரோடு ஒட்டிக்கொண்டு, தண்ணீரும் உப்பும் கொடுத்து, சர்க்கரை வாங்கித் தின்னும். மரத்தை வெட்டினால் காளானும் போச்சு. வெளுத்தானும் முன்பு நெடுங்கல் காட்டு ஓரத்தில் மரத்தடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்ததுதான். இப்போதோ அது கூட்டம் கூட்டமாக முளைப்பது மரமே இல்லாத ஒரு சரிவில். அங்கே புல்லைத் தவிர வேறு வேர் கிடையாது. பின்னே அது எதைத் தின்கிறது? கட்டுரையில் அந்த இடத்தை மட்டும் இசக்கி காலியாக விட்டு வைத்திருந்தாள்.

அந்தச் சரிவுக்கு மரமில்லாமல் போன கதை ஊருக்கே தெரியும். நாலு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் மலை பிளந்து, தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகள் மேல் இறங்கியது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கீழே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றார்கள். சூப்பர்வைசர் ஆவுடையப்பன்தான் தடுத்தான். இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டார், ஒன்றும் ஆகாது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவன் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. எல்லோரும் திரும்பிப் போய்ப் படுத்தார்கள். விடியும்போது வீடுகள் இல்லை. சில உடல்கள் கிடைத்தன, பல கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களில் ஆவுடையப்பனும் ஒருவன். அவன் இசக்கியின் கூடப்பிறந்த அண்ணன், உச்சிமாகாளியின் புருஷன்.

உச்சிமாகாளி அப்போது ஆத்தா வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பினாள். உடலைக் காட்டாமல் தாலியைக் கழற்றச் சொன்ன சொந்தக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

இந்த நிலையில்தான் இசக்கியின் உதவியாளன் தாவூது, கருவியைப் புதுப்பித்துவிட்டு வடிகட்டியைத் திரும்பப் போட மறந்தான்.

"தாவூது, கையுறை போட்டியா இல்லியா?"

"ரெண்டு ஜோடி போட்டேன் மேடம்."

"பெறகு எப்படிப்பா காளானுக்குள்ள மனுஷன் வாரான்?"

"அதான் எனக்கும் புரியல. கை பட்டதுன்னா மேல்தோல்ல கொஞ்சூண்டு வரும். இது நடுச்சதையில வருது. அதுவும் கொஞ்சமில்ல, ஏகப்பட்டது." தாவூது திரையைத் தன் பக்கம் திருப்பினான். "யாரு கைன்னு பாத்துருவோம்."

யார் கை பட்டு மாதிரி கெட்டது என்று கண்டுபிடிக்க, நிலையத்தில் வேலை பார்க்கும் எல்லோருடைய மரபணு அமைப்பும் கருவியில் உண்டு. தாவூது ஒப்பிட்டுப் பார்த்தான்.

"நீங்கதான் மேடம். ஒங்க கைதான்... இல்ல, இருங்க. நீங்க இல்ல. ஆனா ஒங்க ஆளு."

"என்ன ஆளு?"

"ஒரே தாய் தகப்பன். ஆம்பள..." சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு ஆவுடையப்பனைத் தெரியும். அந்த மனுஷன் கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறான்.

இசக்கி திரையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். இரண்டு மழைக்காலமாக இந்தக் கருவி அவள் அண்ணனைக் குப்பை என்று ஒதுக்கி எறிந்திருக்கிறது. எறியச் சொன்னது அவள்தான்.

மற்றக் காளான்களையும் வடிகட்டி இல்லாமல் வாசித்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மனுஷன் இருந்தான். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. யார் யார் என்று தெரியவில்லை. ஜனங்கள் புதைந்து கிடக்கிற சரிவு அது. வேறு என்னதான் நினைக்க முடியும்? கட்டுரையில் காலியாக விட்டிருந்த இடத்துக்கு விடை கிடைத்துவிட்டது என்று இசக்கி நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் புதுநெடுங்கல் குடியிருப்புக்குப் போனாள். பிழைத்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த தகரக்கூரை வீடுகள் அங்கே இருந்தன. உச்சிமாகாளி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மதினி, அண்ணன் கெடச்சுட்டாக."

கீரையோடு கை அப்படியே நின்றது. "எங்க?" என்று உச்சிமாகாளி நிமிர்ந்தாள். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை இசக்கி சாகும்வரை மறக்கமாட்டாள். படித்த வாய்க்கு ஒரு சொல்லை எப்படி எடுப்பது என்று தெரியவில்லையே என்று தன்னையே சபித்துக்கொண்டாள்.

"உசுரோட இல்ல மதினி. அந்தச் சரிவுலதான். மண்ணுக்குள்ள."

அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"காளானா?" என்று கடைசியில் உச்சிமாகாளி கேட்டாள்.

"ஆமா மதினி. அது அவுகளத் தின்னு வளந்திருக்கு. அவுக அடையாளம் அதுக்குள்ள அப்படியே இருக்கு."

"நீ படிச்சவ. நீ சொன்னா நம்புதேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. ஒரு பொட்டுச் சந்தேகம்கூட இல்லியே?"

"இல்ல மதினி."

உச்சிமாகாளி கீரையைத் தட்டோடு தள்ளி வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். நாலு வருஷம் அடக்கி வைத்திருந்த அழுகை அது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். யாரும் என்ன என்று கேட்கவில்லை. கட்டிப்பிடித்து உட்கார்ந்து கூடவே அழுதார்கள்.

அந்த வாரமே கருமாதி நடந்தது. சரிவில் அண்ணன் அடையாளம் கிடைத்த இடத்தில் நின்ற காளானை அடிமண்ணோடு தோண்டி, புதுப்பானையில் வைத்து, சுடுகாட்டில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பானைக்குள் இறக்கும்போது இசக்கியின் விரல் பட்ட இடம் நீலமாகிப் போனது. அதைப் பார்த்து ஒருத்தி வீறிட்டாள். தாலி கழற்றுகிற சடங்கை உச்சிமாகாளி யார் சொல்லியும் கேட்காமல் தானே செய்துகொண்டாள்.

செய்தி ஒரு நாளில் பரவியது. உடல் கிடைக்காத குடும்பங்கள் எல்லாம் ஆய்வு நிலைய வாசலில் வந்து நின்றன. "எங்க ஆளையும் காட்டுங்கம்மா" என்றார்கள். எல்லோரையும் ஒப்பிட்டுப் பார்க்க இசக்கிக்கு மேலிடத்து அனுமதி இல்லை. அவர்களுக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை. தங்கள் வீடு இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து, அங்கே முளைத்திருந்த வெளுத்தானைத் தங்கள் ஆள் என்று எடுத்துப்போய்ப் புதைத்தார்கள். குழாயடியில் முளைத்தது குழாயடி வீட்டுச் செல்லத்துரை. கோயில் படியோரம் நின்றது பூசாரி மனைவி. இசக்கி குறுக்கே நிற்கவில்லை. அவளுக்கும் அது சரி என்றே பட்டது.

அதற்குப் பிறகு புதுநெடுங்கல் மாறியது. செல்லத்துரையின் அம்மா மாத்திரை இல்லாமல் உறங்க ஆரம்பித்தாள். உச்சிமாகாளி பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளைகள் அவள் குழம்புக்காகவே லீவு போடாமல் வந்தார்கள். ஒருநாள் அவள் வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்டு இசக்கிக்குக் கண் கலங்கியது. கட்டுரையின் காலி இடத்தில், 'இறந்த உடலை உண்டு வளர்வது' என்று எழுதினாள். துளைக்காளான் குடும்பத்துக்கு இப்படியொரு புத்தி கிடையாதே என்று உள்ளே ஒரு குரல் முனகியது. அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஐப்பசி வந்தது.

"மேடம், இந்தத் தடவ நெசமாவே ஒங்க கைதான்" என்று தாவூது சிரித்தான். "அண்ணன் தம்பி யாருமில்ல, நீங்களேதான். கழிச்சு விட்டுறட்டா?"

"எதுல?"

"சரிவுக்கு மேற்கோரம் எடுத்ததுல. நடுச்சதை."

"அத யாரு எடுத்தா?"

"நான்தான்."

"வெட்டினது?"

"அதுவும் நான்தான். நீங்க அன்னைக்கு லீவு."

இசக்கி அந்தச் சதையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தாள். காளான் இழைகளுக்கு நடுவே மனித செல்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அரைநாள் பார்த்தாள். அவற்றில் ஒன்று மெதுவாக இரண்டாகப் பிரிந்தது.

"செத்த செல் பிரியாது தாவூது."

"கருவியில ஏதோ கோளாறு மேடம். இல்லன்னா ஒங்க முடி கிடி விழுந்திருக்கும். விட்டுருங்க, இதப் போயி பெருசு பண்ணிக்கிட்டு."

இசக்கி செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். மழைக்காலத்தில் அந்தச் சரிவில் செருப்போடு நடக்க முடியாது, வழுக்கும். பூட்ஸ் போட்டால் அட்டை உள்ளே புகுந்துகொள்ளும். அதனால் எல்லோரும் வெறுங்காலோடுதான் ஏறுவார்கள், எல்லோருக்கும் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கும். அவளுக்கும் இருந்தது. புண்ணைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தாள். வெளுத்தானின் வெள்ளை இழைகள்தான் அங்கே ஓடிக்கொண்டிருந்தன.

வெளுத்தானின் குடும்பப் புத்தி மாறவே இல்லை. உயிருள்ளதோடு மட்டும் கூட்டுச் சேருகிற ஜாதி அது. வேர் போனபோது காலைப் பிடித்துக்கொண்டது. மற்றதையெல்லாம் தப்பாகப் படித்தது இசக்கிதான்.

மேற்கொண்டு எல்லாவற்றையும் அவள் தனியாகவே செய்தாள். சரிவில் ஆடு மேய்க்கிற மூக்காண்டி எச்சில் கொடுக்கச் சம்மதித்தார். குழாயடியில் முளைக்கிற காளான்கள் அவருடையவை. செல்லத்துரை என்று புதைத்ததும் அதே இடத்துக் காளானைத்தான். எப்போதோ திருப்பூருக்குப் போய்விட்ட மூக்காண்டியின் மருமகனும் அங்கிருந்து எச்சில் அனுப்பினான்; ஊரில் இல்லாவிட்டாலும் அவன் காளான் வருஷம் தவறாமல் வந்திருந்தது. அந்தக் கார்த்திகையில் மூக்காண்டி நெஞ்சுவலியில் போனார். சரிவு முழுக்க வெளுத்தான் செழித்து நின்றபோது, குழாயடியில் நின்றவை மட்டும் அதே வாரத்தில் கறுத்து விழுந்தன. எப்படி என்று கேட்டால் இசக்கியிடம் பதில் இல்லை. கால் எங்கே இருந்தாலும் ஆள் இருக்கும்வரை காளான் வரும், ஆள் போனால் காளான் போகும். இவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. புதைந்தவர்களில் ஒருவர்கூட அந்தச் சரிவில் காளானாக இல்லை.

ஆவுடையப்பன் என்று காளானைத் தோண்டியெடுத்த குழியிலேயே புதிதாக ஒன்று, குண்டாக, வெளிறி, ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தது. அவள் அதன்முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சந்தோஷம்தான் முதலில் வந்தது, அண்ணன் இருக்கிறான் என்று. அதன் பின்னாலேயே பயம் வந்தது. இதை எப்படி மதினியிடம் போய்ச் சொல்வது?

சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு, சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உச்சிமாகாளியிடம் போய் நின்றாள்.

"மதினி, நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"எத?"

"அந்தக் காளான் செத்தவங்களத் தின்னு வளரல. உசுரோட இருக்கவங்க காலப் புடிச்சு வளருது. என்னோடதுகூட அங்க மொளச்சிருக்கு."

உச்சிமாகாளி குழாயை மூடினாள். இந்தத் தடவை அந்த முகத்தில் வெளிச்சம் வரவில்லை.

"அப்போ ஒங்க அண்ணன் இருக்காகன்னு சொல்லுதியா?"

"ஆமா மதினி. எங்கன்னு தெரியாது."

"இப்பவும்?"

"இன்னைக்குக் காலம்பர பாத்தேன். புதுசா நிக்கி."

"நான் வாசலப் பாத்துக் கெடந்த நாலு வருஷமும் அவுக எங்கயோ சோறு தின்னுக்கிட்டு இருந்திருக்காக."

"வெக்கமா இருந்திருக்கும் மதினி. அத்தன பேரையும் போவாதீங்கன்னு தடுத்தது அண்ணன்லா? ஊருல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முழிப்பாக?"

"ஊருக்குக் காட்ட மூஞ்சி இல்ல, சரி. எனக்குக் காட்டவும் இல்லியா?"

உச்சிமாகாளி ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீ அந்தக் காளானப் பத்தி எழுதுதேன்னு சொன்னியே. என்னன்னு எழுதியிருக்க?"

"செத்தவங்களத் தின்னு வளருதுன்னு. இனிமேத்தான் மாத்தணும்."

"மாத்தாத. அப்படியே அனுப்பு."

"அது பொய் மதினி."

"பொய்தான். அன்னைக்கு ஒரு பொட்டுச் சந்தேகம் இல்லன்னு நீ சொன்னப்ப நான் நம்பலியா? இப்ப நான் சொல்லுதேன், நீ கேளு." அவள் குரல் தணிந்தது. "செல்லத்துரை அம்மா இப்பத்தான் கண்ண மூடி உறங்குதா. ஒம் மவன் குழிக்குள்ள கெடக்கது ஆடு மேய்க்கவரு காளான்னு அவகிட்டப் போயிச் சொல்லுவியா? ஊருல அத்தன பேரும் அழுது தீத்தாச்சு. நானும் அழுதுட்டேன் இசக்கி. இன்னொரு தடவ காத்துக் கெடக்க எனக்குத் தெம்பில்ல. ஒங்க அண்ணன் செத்ததாவே இருக்கட்டும்."

இசக்கி அன்று சாயங்காலம் நிலையத்துக்குத் திரும்பி, வடிகட்டியைத் தானே போட்டாள். "நல்லதாப் போச்சு மேடம்" என்றான் தாவூது. கட்டுரை போனது. வாசித்தவர்கள் மெச்சினார்கள். துளைக்காளான் குடும்பத்தில் பிணந்தின்னி ஒன்று என்று வகைப்படுத்தி, நெடுங்கல் என்ற பெயரையும் சேர்த்து உலகம் அதை ஏற்றுக்கொண்டது. புதிய இனத்துக்கு அடையாளமாக ஒரு காளானை உலர்த்திக் காலத்துக்கும் பாதுகாத்து வைக்கவேண்டும் என்பது முறை. எங்கே எவன் அதைப் பார்த்தாலும் அந்த ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்ல வேண்டும். அதற்கு இசக்கி அண்ணன் குழியில் முளைத்ததையே கொடுத்தாள். அவனை வேறெங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு மழைக்காலமும் அவள் தனியாகச் சரிவுக்குப் போனாள். அவன் முளைத்திருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து திட்டுவாள். "போதும்ணே. மதினி வேண்டாம்னாலும் நான் இருக்கேன்லா? ஒரு போன் பண்ண முடியாதா ஒனக்கு?" என்பாள். விரலால் தண்டைத் தொடுவாள். தொட்ட இடம் நீலமாகும். வலித்திருக்குமோ என்று கையை எடுத்துக்கொள்வாள். ரயில் நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் நடுவயது ஆண்களின் முகத்தை உற்றுப் பார்க்கிற பழக்கம் அவளை விடாமல் பிடித்துக்கொண்டது. உயிரோடு இருக்கிறவன் இப்படி ஆட்டிப்படைப்பான் என்று அவள் நினைத்ததே இல்லை.

அப்புறம் ஒரு வருஷம் மழை நன்றாகவே பெய்தது. சரிவு முழுக்க வெளுத்தான் வந்தது. இசக்கியினுடையது மேற்கோரத்தில் பருத்து நின்றது. அண்ணன் குழியில் மட்டும் ஒன்றும் இல்லை. ஐப்பசி போனது. கார்த்திகையும் போகப்போனது. கடைசியாக ஒருதடவை பார்ப்போம் என்று ஏறிப்போனவள், வெறும் புல்லைக் கையால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். பிறகு அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து, சுற்றிலும் யாரும் இல்லாத தைரியத்தில், சத்தம் போட்டு அழுதாள். எந்த ஊரில், யார் கையில், எப்படிப் போனானோ? ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றவாவது யாராவது இருந்தார்களோ என்னவோ? உலகத்துக்கு அவன் என்றைக்கோ செத்துவிட்டான். இன்றைக்குச் செத்தவனுக்காக அழ அவள் ஒருத்திதான் இருந்தாள்.

இறங்கும் வழியில் ஓடையில் முங்கி எழுந்தாள். அந்த ஈரத்தோடே நடந்து புதுநெடுங்கலுக்கு வந்தாள். வீட்டுக்குப் போகத்தான் நினைத்திருந்தாள். கால்கள் உச்சிமாகாளி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டன.

"என்னட்டி இது, இப்படி நனஞ்சு வந்திருக்க? மழகூட இல்லியே."

"தலைக்குக் குளிச்சேன் மதினி. ஓடையில."

உச்சிமாகாளி அவள் முகத்தையே பார்த்தாள். உள்ளே உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. ஏன் என்றோ யார் என்றோ அவள் கேட்கவில்லை. துண்டை எடுத்து வந்து, இசக்கியை உட்காரவைத்து, தலையைத் துவட்டிவிட்டாள். வெகுநேரம் துவட்டினாள்.

அப்புறம் எழுந்து உள்ளே போய், சோறு பாதி வேகும்போதே அடுப்பை அணைத்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.